இதைக் கொல்லலாமா? வீட்டுத் தோட்டத்தில் நமக்காக வேட்டையாடும் பூச்சிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் செல்பேசியில் ஒரு பூச்சிப் படத்தை அனுப்பி, கூடவே ஒரே ஒரு வரி எழுதுவார்கள்: "இதைக் கொல்லலாமா?" அனுப்பப்படும் படங்களில் நிறைய, கொல்லவே கூடாத பூச்சிகளின் படங்கள். அதிலும் பெரும்பாலும் அவற்றின் குஞ்சுப் பருவம். வளர்ந்த பொறிவண்டைப் பார்த்தால் எல்லோருக்கும் பிடிக்கிறது, அதன் புழுவைப் பார்த்ததும் மருந்து தேடுகிறோம். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

நன்மை செய்யும் பூச்சின்னா தேனீதானே?

தேனீ மகரந்தச் சேர்க்கைக்கு உதவுகிறது. இங்கே நாம் பேசப்போவது வேறு கூட்டம். செடியைத் தின்னும் பூச்சிகளைப் பிடித்துத் தின்பவற்றை இரைவிழுங்கிகள் என்கிறோம். பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, கும்பிடுபூச்சி, தட்டான் எல்லாம் அந்த வகை. இன்னொரு வகை, தீமை செய்யும் பூச்சியின் உடம்பிலோ முட்டையிலோ தன் முட்டையை வைத்துவிடும். உள்ளே வளரும் புழு அந்தப் பூச்சியைத் தின்றே வெளியே வரும். இவை ஒட்டுண்ணிகள். ஒட்டுண்ணிகளில் பெரும்பாலானவை கண்ணுக்கே சரியாகத் தெரியாத குட்டிக் குளவிகள்.

பூதக்கண்ணாடி, புத்தகம் எதுவும் இல்லாம எப்படிக் கண்டுபிடிக்கிறது?

என்ன நிறம் என்று பார்ப்பதைவிட என்ன செய்கிறது என்று பாருங்கள். கொழுந்தின் மேல் கூட்டமாக, அசையாமல் அப்பிக்கிடந்தால் அது சாறு உறிஞ்சும் பூச்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். அசுவினி, மாவுப்பூச்சி, செதில் பூச்சி எல்லாம் அப்படித்தான் இருக்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே தனியாக ஒன்று சுறுசுறுப்பாக அலைந்தால் அது வேட்டைக்காரனாக இருக்கலாம். ஐந்து நிமிடம் பொறுமையாகப் பார்த்தால் ஓர் அசுவினியைக் கவ்வுவதையே பார்த்துவிடலாம்.

காலை வெயில் ஏறுவதற்கு முன் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நடமாட்டம் முழுக்க அங்கேதான். செல்பேசியில் நெருக்கமாக ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினாலே கால் எத்தனை, தாடை எப்படி என்று தெரிந்துவிடும். இந்த அடையாளத்துக்கு விதிவிலக்குகள் உண்டு, அவை கீழே வருகின்றன.

பொறிவண்டு தெரியும். ஆனா அதோட முட்டை, புழு எப்படி இருக்கும்?

முட்டை மஞ்சளாக, நீள்வட்டமாக, இலையின் அடியில் பத்து இருபது சேர்ந்து செங்குத்தாக நிற்கும். அசுவினி இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே தாய் வண்டு முட்டையிடும். அதிலிருந்து வரும் புழுவைத்தான் ஜனங்கள் பயந்து நசுக்குகிறார்கள். கருஞ்சாம்பல் நிறம், முதுகில் ஆரஞ்சு அல்லது மஞ்சள் திட்டுகள், ஆறு கால்கள், வாலை நோக்கிக் குறுகும் உடம்பு. பார்க்கக் குட்டி முதலை போலவே இருக்கும். இது இலையைத் தொடவே தொடாது. ஒரு புழு வளர்ந்து முடிவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றுவிடும்.

அதற்குப் பிறகு இலையிலோ தொட்டியின் விளிம்பிலோ ஒட்டிக்கொண்டு, அசையாமல் கூட்டுப்புழுவாக இருக்கும். "ஏதோ செதில் பூச்சி" என்று சுரண்டி எறிவது இந்தக் கட்டத்தில்தான். நம் ஊர் வெப்பத்தில் முட்டையிலிருந்து வண்டாக இரண்டு, மூன்று வாரம் போதும். நம் தோட்டங்களில் அதிகம் தென்படுபவை இரண்டு: ஆரஞ்சு முதுகில் நெளிநெளியாகக் கறுப்புக் கோடு போட்ட வண்டு ஒன்று, குறுக்கே கறுப்புப் பட்டைகள் உள்ளது இன்னொன்று.

என் கத்தரிச் செடியில பொறிவண்டு இலையைத் தின்னுதே! நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்களே?

நீங்கள் பார்த்தது சரி, அது இலையைத்தான் தின்கிறது. அது எப்பிலாக்னா வண்டு. பொறிவண்டுக் குடும்பத்திலேயே பிறந்த சைவம். கத்தரி, தக்காளி, பாகல் செடிகளில் வரும். இதில் 28 புள்ளி உள்ள இனமும் 12 புள்ளி உள்ள இனமும் உண்டு. ஆனால் வண்டைத் துரத்திப் புள்ளி எண்ண வேண்டியதில்லை. முதுகைப் பாருங்கள். நல்ல பொறிவண்டின் முதுகு எண்ணெய் தேய்த்தது போல் பளபளக்கும். எப்பிலாக்னாவின் முதுகில் மெல்லிய ரோமம் படர்ந்திருப்பதால் மங்கலாக இருக்கும். அதன் புழு வெளிர்மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளை பிரிந்த முள்ளோடு இருக்கும்.

இலையும் சொல்லிவிடும். பச்சையம் சுரண்டப்பட்டு நரம்பு மட்டும் வலைபோல் மிஞ்சியிருந்தால் எப்பிலாக்னாதான். குழப்பம் முட்டையில்தான் வரும், ஏனென்றால் இதுவும் மஞ்சள் முட்டையைக் கூட்டமாக இலையடியில்தான் இடுகிறது. அசுவினியே இல்லாத கத்தரி இலையில் அப்படி முட்டை இருந்தால் சந்தேகப்படுங்கள். அந்த இலைக்கு ஓர் அடையாளம் வைத்துவிட்டு, பொரித்து வரும் புழுவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எப்பிலாக்னா என்று உறுதியானால் கையால் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். பத்து இருபது தொட்டிக்கு அதுவே போதும்.

பூசணி இலையில் எலுமிச்சை நிறத்துல, முதுகுல புள்ளியே இல்லாம ஒரு வண்டு. இதுவும் சைவமா?

இலையைத் தின்பதில்லை, அசுவினியையும் தின்பதில்லை. இலை மேல் வெள்ளையாகப் படியும் சாம்பல் நோய்ப் பூஞ்சையை மேய்கிற பொறிவண்டு அது. விட்டுவிடுங்கள். ஆனால் அது வந்திருந்தால் சாம்பல் நோய் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மோசமான இலைகளைக் கிள்ளி, காற்றோட்டம் கொடுங்கள்.

இலையில முடி மாதிரி நூல் நிக்குது, நுனியில வெள்ளையா ஒரு உருண்டை. பூஞ்சைக் காளானா?

இல்லை, அவை கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகள். வீட்டுத் தோட்டத்தில் கிடைக்கக்கூடிய சிறந்த பரிசுகளில் ஒன்று. ஒவ்வொரு முட்டைக்கும் தனித்தனி காம்பு இருக்கும். பொரித்து வருகிற புழுக்களுக்கு அவ்வளவு பசி, பக்கத்து முட்டையையே தின்றுவிடும். எறும்பிடமிருந்தும் உடன்பிறப்பிடமிருந்தும் முட்டையைக் காப்பாற்றத்தான் அந்தக் காம்பு. புதிதாக இட்ட முட்டை இளம்பச்சை, பொரிந்தபின் வெறும் வெள்ளைக் கூடு.

தாய்ப்பூச்சி வெளிர்பச்சையாக, நரம்பு தெரியும் இறக்கையோடு, பொன்னிறக் கண்ணோடு இரவில் விளக்கைத் தேடி வரும். புழு பழுப்பு நிறம், தலையில் அரிவாள் போன்ற இரண்டு தாடைகள். அவற்றால் குத்திச் சாற்றை உறிஞ்சிவிடும். அசுவினி, வெள்ளை ஈ, இலைப்பேன், மாவுப்பூச்சியின் குஞ்சு, அந்துப்பூச்சியின் முட்டை என்று எதையும் விடாது.

சில இனங்களின் புழு, தான் உறிஞ்சிப்போட்ட தோல், மாவு, தூசி எல்லாவற்றையும் முதுகில் ஏற்றிக்கொண்டு திரியும். "குப்பை தானா நடந்து போகுது" என்று காணொளி எடுத்து அனுப்புகிறார்களே, அது இதுதான்.

அசுவினிக் கூட்டத்துக்குள்ள காலே இல்லாத ஒரு பச்சைப் புழு நெளியுது. காய்ப்புழுவோட குட்டியா?

அநேகமாகச் சிர்பிட் ஈயின் புழு. காய்ப்புழுவுக்குத் தெளிவான தலை உண்டு, தலைக்குப் பின்னால் மூன்று சோடிக் கால்கள் உண்டு. சிர்பிட் புழுவுக்குக் காலும் இல்லை, சொல்லும்படியான தலையும் இல்லை. முன்பக்கம் கூர்மையாக இருக்கும். அந்தக் கூர்முனையை இப்படியும் அப்படியும் துழாவி அசுவினியைப் பிடித்து, மேலே தூக்கிச் சாறு குடித்துவிட்டுத் தோலைக் கீழே போடும். முன்பு சொன்ன அடையாளத்துக்கு இது ஒரு விதிவிலக்கு: பார்க்க மந்தமாகக் கிடக்கும், ஆனால் பெரிய வேட்டைக்காரன்.

தாய் ஈ குட்டித் தேனீ மாதிரி மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்டிருக்கும். பூவுக்கு முன்னால் அந்தரத்தில் அப்படியே நிற்கும், சட்டென்று பக்கவாட்டில் நகரும். கொட்டாது. இதற்கு இரண்டே இறக்கை, தேனீக்கு நான்கு.

மாவுப்பூச்சிக்கு நடுவுல ஒரு பெரிய மாவுப்பூச்சி வேகமா ஓடுது. மாவுப்பூச்சி ஓடுமா?

அவ்வளவு வேகமாக ஓடாது. அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழை தொங்க, இரையைப் போலவே வேடமிட்டிருக்கும். மாவுப்பூச்சியைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக வளரும், இழைகளும் நீளம். குச்சியால் மெல்லத் தொட்டால் மாவுப்பூச்சி அசையாது, இது விறுவிறுவென்று நகரும். வளர்ந்த வண்டு கறுப்பு, தலைப்பக்கம் ஆரஞ்சு. ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

இன்னொரு வேடதாரியும் உண்டு. மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு. வண்ணத்துப்பூச்சிப் புழு என்றால் இலைதான் தின்னும் என்று நினைக்கிறோம், ஸ்பால்கிஸ் என்ற இந்த இனம் அசைவம். மாவை உடம்பில் பூசிக்கொண்டு மாவுப்பூச்சிகளுக்குள்ளேயே கிடக்கும். அதன் கூட்டுப்புழுவை நேராகப் பார்த்தால் குரங்கு முகம் தெரியும். செம்பருத்தியில் கிடைத்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

சில அசுவினி மட்டும் உப்பி, பழுப்பா, காஞ்சு போயிருக்கு. நோயா?

ஒட்டுண்ணிக் குளவியின் வேலை. அசுவினியின் உடம்புக்குள் குளவிப்புழு வளர்ந்துகொண்டிருக்கிறது. முதுகில் வட்டமாக ஓட்டை இருந்தால் புதுக்குளவி வெளியேறிவிட்டது. இந்த உப்பிய அசுவினிகள் உள்ள இலையைக் கிள்ளி எறிந்தால் அடுத்த தலைமுறைக் குளவிகளையும் சேர்த்து எறிகிறோம். அதேபோல, பச்சைப்புழுவின் முதுகிலோ பக்கத்திலோ அரிசி அரிசியாக வெள்ளைக் கூடுகள் இருந்தால் அவை அந்தப் புழுவின் முட்டைகள் அல்ல, அதைத் தின்று வெளிவந்த ஒட்டுண்ணியின் கூடுகள். அந்தப் புழு இனி பிழைக்காது. இருந்த இடத்திலேயே விடுங்கள்.

இந்தக் குட்டிக் குளவிகளின் பலத்துக்குத் தமிழ்நாடே சாட்சி. 2008-இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவி, விவசாயிகள் மருந்தடித்து ஓய்ந்தார்கள். 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து, பெருக்கி, வயல்களில் விட்டார்கள். மருந்துக்கு அடங்காத மாவுப்பூச்சி அதற்கு அடங்கியது.

பால்கனியில குளவி கூடு கட்டுது. வீட்டுல குழந்தை இருக்கு, என்ன செய்ய?

எந்தக் குளவி என்று முதலில் பாருங்கள். சுவரில் சின்ன மண்பானை மாதிரி கட்டுவது தனியாக வாழும் குளவி. அதைப் பிடித்து அழுத்தினால் ஒழியக் கொட்டாது. பச்சைப்புழுக்களைக் கொட்டி மயங்கவைத்து அந்தப் பானைக்குள் அடைக்கும், தன் குஞ்சுக்கு உணவாக. குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பார்கள் இல்லையா, அப்படித் தோன்றியதற்குக் காரணம் இதுதான். உள்ளே போனது பச்சைப்புழு, வெளியே வந்தது குளவி. நடுவில் நடந்தது விருந்து.

காகிதம் போன்ற பொருளில் அறை அறையாகக் கட்டிக் கூட்டமாக வாழும் குளவிகளும் புழுக்களை வேட்டையாடுபவைதான். ஆனால் கூட்டை அசைத்தால் சேர்ந்து கொட்டும். தோட்டத்து மூலையில் இருந்தால் விடலாம். ஆள் நடமாடும் கதவுப் பக்கம் என்றால் அகற்றத்தான் வேண்டும், அதில் நன்மை தீமை பார்க்காதீர்கள். மரத்தில் பெரிய உருண்டையாகக் கதண்டுக் கூடு இருந்தால் நீங்கள் கிட்டவே போக வேண்டாம். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். கதண்டு கொட்டி ஆள் இறந்திருக்கிறார்கள்.

எறும்பு நல்லதா, கெட்டதா?

அசுவினியும் மாவுப்பூச்சியும் இருக்கும் செடியில் எறும்பு கெட்டது. அவை சுரக்கும் தேன்பாகுக்காக எறும்பு காவல் நிற்கும், பொறிவண்டைக் கடித்து விரட்டும். பொறிவண்டு வந்தும் அசுவினி குறையவில்லை என்று சொல்பவர்கள் முதலில் எறும்பைத்தான் பார்க்க வேண்டும். தொட்டியைச் செங்கல் மேல் வைத்து, அதைத் தண்ணீர்த் தட்டுக்குள் வைத்தால் எறும்பு ஏறாது. பக்கத்துச் செடியின் கிளை உரசிக்கொண்டிருந்தால் அதுவே பாலம், அதையும் வெட்டுங்கள். தட்டில் தண்ணீரை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கொட்டிவிட்டு மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு வளர்ந்துவிடும்.

மா, கொய்யா மரத்தில் இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் முசுறு எறும்பு வேறு மாதிரி. புழு, வண்டு எதையும் மரத்தில் தங்கவிடாது. சீனாவில் சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பே ஆரஞ்சு வகை மரங்களில் முசுறுக் கூட்டைக் கட்டித் தொங்கவிட்டதாகக் குறிப்பு உண்டு. ஆனால் அதுவும் செதில் பூச்சிகளை வளர்க்கும், பழம் பறிக்க ஏறினால் நம்மையும் கடிக்கும். பெரிய மரத்தில் இருக்கட்டும், தொட்டியில் வேண்டாம் என்பது என் கருத்து.

வெண்டையில சிவப்பா ஒரு நாவாய்ப்பூச்சிக் கூட்டம். அதுல ஒண்ணு இன்னொண்ணைத் தூக்கிட்டுப் போகுது. சண்டையா?

கூட்டமாக இருப்பது காயிலும் விதையிலும் சாறு உறிஞ்சும் சிவப்பு நாவாய்ப்பூச்சி. கழுத்தில் வெள்ளைப் பட்டை, இறக்கையில் இரண்டு கறுப்புப் புள்ளி இருக்கும். அதைத் தூக்கிப் போவது அதே சாயலில், கொஞ்சம் பெரிதாக, வெள்ளைப் பட்டை இல்லாமல் இருந்தால் அது அதன் உறவுக்காரனான ஆன்டிலோகஸ். சிவப்பு நாவாய்ப்பூச்சிதான் அதன் உணவு.

பொதுவாக நாவாய்ப்பூச்சிகளில் மூக்கைப் பாருங்கள். செடிச்சாறு குடிப்பவற்றுக்கு மெல்லிய, நீளமான ஊசி மார்போடு மடங்கிக் கிடக்கும். கொலைகார நாவாய்ப்பூச்சிக்குக் குட்டையான, தடித்த, வளைந்த அலகு. அதை வெறுங்கையால் பிடிக்காதீர்கள், குத்தினால் கடுகடுவென்று வலிக்கும்.

கும்பிடுபூச்சி, சிலந்தி எல்லாம் இருக்கட்டுமா?

இருக்கட்டும். சிலந்திக்கு எட்டுக் கால், பூச்சி இனமே அல்ல. ஆனாலும் வலை கட்டாமல் இலைமேல் குதித்து வேட்டையாடும் சிலந்திகள் தத்துப்பூச்சி, ஈ, சின்னப் புழுக்களை நிறையவே குறைக்கின்றன. கும்பிடுபூச்சி தேனீயையும் வண்ணத்துப்பூச்சியையும்கூடப் பிடிக்கும், அதற்கு வேறுபாடு தெரியாது. அதற்காகக் கொல்ல வேண்டியதில்லை. காம்பில் பழுப்பாக, நுரை காய்ந்தது போல் ஒரு கட்டி ஒட்டியிருந்தால் அதன் முட்டைப்பை. கவாத்து செய்யும்போது அந்தக் குச்சியை மட்டும் இன்னொரு செடியில் சொருகிவிடுங்கள்.

வேப்பெண்ணெய் இயற்கைதானே, அது இதுங்களை ஒண்ணும் பண்ணாதுல்ல?

இந்த நம்பிக்கையால்தான் நிறைய நல்ல புழுக்கள் சாகின்றன. ரசாயன மருந்தைவிட வேப்பெண்ணெய் எவ்வளவோ மேல், சந்தேகமே இல்லை. ஆனால் எண்ணெயும் சோப்பும் மென்மையான உடம்பு மேல் நேராகப் பட்டால் மூச்சுத்துளை அடைத்துப்போகும். அது அசுவினியா, பொறிவண்டுப் புழுவா என்று அதற்குத் தெரியாது.

அதனால் வாரம் தவறாமல் எல்லாச் செடிக்கும் அடிக்கும் வழக்கத்தை விடுங்கள். தாக்குதல் உள்ள கிளைக்கு மட்டும், மாலையில், லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து அடியுங்கள். அடிக்கும் முன் பொறிவண்டுப் புழு, காம்பு முட்டை, சிர்பிட் புழு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்று அந்தக் கிளைக்கு எதுவும் அடிக்க வேண்டாம்.

மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டலாமா?

நாற்றுப் பருவத்தில் கட்டலாம். வெள்ளை ஈயும் சிறகு முளைத்த அசுவினியும் வருகிறதா என்று அறிய அது நல்ல கருவி. ஆனால் சிர்பிட் ஈ, ஒட்டுண்ணிக் குளவி, பொறிவண்டுகூட அதில் ஒட்டும். நல்ல பூச்சிகள் அதிகம் சிக்கத் தொடங்கினால் கழற்றிவிடுங்கள்.

அசுவினி வந்தாச்சு, பொறிவண்டைக் காணோம். எத்தனை நாள் பொறுக்கிறது?

வேட்டைக்காரன் எப்போதும் இரைக்குப் பிறகுதான் வருவான். அசுவினியோ ஆண் துணையே இல்லாமல் குட்டி போடும், அந்தக் குட்டி வெயில் காலத்தில் ஒரு வாரத்தில் தாயாகும். ஆகவே முதல் வாரம் நமக்குத் தோல்வி மாதிரித்தான் தெரியும். வளர்ந்த செடி என்றால் ஒரு வாரம், பத்து நாள் பொறுக்கலாம். இடையில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அசுவினியை உதிர்த்துவிடுங்கள். நான்கு இலை விட்ட நாற்று என்றால் பொறுக்க வேண்டாம், விரலால் தேய்த்து எடுங்கள்.

அவரையிலோ தட்டைப்பயறிலோ மட்டும் அசுவினி கொஞ்சம் இருந்தால் நான் கை வைக்கமாட்டேன். ஓரத்தில் நாலு தட்டைப்பயறு இருந்தால் அதைத் தேடி வரும் பொறிவண்டு அங்கேயே பெருகி மற்றச் செடிக்கும் போகும். தெருவோர எருக்கில் மஞ்சள் அசுவினி நிறைந்திருக்கும், கூடவே பொறிவண்டும் இருக்கும். அந்த எருக்கை வெட்டச் சொல்லாதீர்கள்.

பொறிவண்டு விலைக்கு வாங்கி விடலாமா?

மாவுப்பூச்சிக்குக் கிரிப்டோலேமஸ் வண்டும், கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டையும், காய்த்துளைப்பான் முட்டைகளை அழிக்கும் டிரைக்கோகிரம்மா என்ற ஒட்டுண்ணிக் குளவியைத் தாங்கிய காகித அட்டையும் உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் கிடைக்கின்றன. வயலுக்கும் பெரிய தோட்டத்துக்கும் பயன். சின்ன மாடியில் இரை தீர்ந்த மறுநாள் பறந்துவிடும். வாங்கினால் எறும்பை அடக்கிய பிறகு, மாலையில் விடுங்கள்.

அதைவிடப் பூ வைப்பது மலிவு. சிர்பிட் ஈயும் குட்டிக் குளவியும் பெரிதானபின் தேன் குடித்துத்தான் வாழும். அவற்றின் வாய் சின்னது என்பதால் சின்னப் பூக்களே வசதி. கொத்தமல்லி, சோம்பு, கடுகு, துளசி இவற்றில் இரண்டு தொட்டியை அறுவடை செய்யாமல் பூக்கவிடுங்கள்.

கொய்யா, தென்னை இலைக்கு அடியில வட்ட வட்டமா வெள்ளை. மேல் இலை கறுத்துப்போச்சு. இதுக்காவது மருந்தடிக்கலாமா?

இதற்குத்தான் முக்கியமாக அடிக்கக் கூடாது. இது சுருள் வெள்ளை ஈ, இந்தியாவில் 2016-இல் பொள்ளாச்சித் தென்னையில் முதலில் கண்டறியப்பட்டது. இதைத் தாக்கும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவியும் கூடவே பரவியிருக்கிறது. மருந்தடித்தால் முதலில் சாவது அதுதான். அடியிலை ஒன்றைத் திருப்பி, வெள்ளை ஈயின் குஞ்சுகளில் கறுத்துப்போனவை இருக்கின்றனவா பாருங்கள். கறுத்தவைக்குள் என்கார்சியா வளர்கிறது.

அப்படிக் கறுத்த குஞ்சுகள் உள்ள இலைத்துண்டுகளைக் கத்தரித்து, அவை இல்லாத மரத்தில் கட்டிவிடலாம். குழாய்த் தண்ணீரை அடியிலிருந்து பீய்ச்சினால் வெள்ளை ஈ குறையும். மேல் இலைக் கறுப்பு, தேன்பாகில் வளர்ந்த பூஞ்சை. மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, லிட்டருக்கு 25 கிராம் கணக்கில் தெளித்தால் காய்ந்து ஏடு ஏடாக உரிந்துவிடும்.